கார் இசியு-வை ஜெனரேட்டருக்குக் கட்டுவது: எதை முதலில், எதை அப்புறம்

காரில் வேகத்தைப் பிடித்து வைப்பது ஓட்டுநரின் கால். இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி) அந்தக் காலை நம்பித்தான் பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் கணக்குப் போடுகிறது. ஜெனரேட்டரில் அந்த வேலை கவர்னருக்கு. லோடு ஏறினாலும் இறங்கினாலும் சுற்று நிமிடத்துக்கு 1500-ஐ விட்டு அதிகம் நகரக் கூடாது.

புதிதாகச் செய்கிறவர்கள் தடுமாறும் இடம் வயரிங் அல்ல. இசியு-வுக்குள்ளும் வேகத்தைத் திருத்தும் பழக்கங்கள் நாலைந்து இருக்கின்றன. அவற்றை அணைக்காமல் கவர்னரை மாட்டினால் இரண்டும் மாறி மாறி இழுக்கும், எஞ்சின் ஊஞ்சல் ஆடும். காற்றைத் திறந்து மூடும் கை ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் கீழே உள்ள வரிசை.

எடுத்துக்கொள்ளும் உதாரணம்: 4 சிலிண்டர், 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், கேபிள் த்ராட்டில் (எஞ்சினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் தகடு), 4 துருவ ஆல்டர்னேட்டர், 50 ஹெர்ட்ஸ். பம்ப்செட், மரம் அரைக்கும் இயந்திரம் என்றாலும் வேலை இதேதான்.

1. எந்த வழி என்று முதலில் முடிவெடுங்கள்

வழிகள் மூன்று. ஒன்று, இசியு பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் மட்டும் பார்க்கும். த்ராட்டிலைத் தனி எலக்ட்ரானிக் கவர்னரின் ஆக்சுவேட்டர் திருப்பும். இரண்டு, எலக்ட்ரானிக் த்ராட்டில் உள்ள எஞ்சினில் கவர்னரின் வோல்டேஜைப் பெடல் சிக்னலாக இசியு-வுக்குக் கொடுப்பது. மூன்று, இசியு-வே கவர்னராகவும் வேலை செய்வது.

முதல் முறையாகச் செய்பவருக்கு முதல் வழியே சரி. கோளாறு வந்தால் அது எந்தப் பெட்டியில் என்று பிரித்துப் பார்க்க முடியும்.

மேப்பை, அதாவது எந்தச் சுற்றில், எந்த லோடில் எவ்வளவு பெட்ரோல், எப்போது ஸ்பார்க் என்ற அட்டவணையை, திருத்த முடியாத ஒரிஜினல் இசியு வேண்டாம். சாவி அடையாளம் கேட்டு ஸ்டார்ட் ஆக மறுக்கும். அதைத் தாண்டினாலும் 6-ஆம் கட்டத்தில் வரும் எதையும் அணைக்க முடியாது. ட்யூனிங் மென்பொருளில் திறக்க முடிந்த இசியு, இல்லாவிட்டால் ஸ்பீடுயினோ, மெகாஸ்க்வர்ட், ரூசிஎஃப்ஐ போன்ற, அமைப்பை நாமே மாற்றக்கூடிய தனி இசியு ஒன்றை எடுங்கள்.

2. கணக்கு

சுற்று = 120 × ஹெர்ட்ஸ் ÷ துருவங்கள். 4 துருவம், 50 ஹெர்ட்ஸ் என்றால் 1500.

எஞ்சினின் விளம்பரக் குதிரைத்திறனை இங்கே மறந்துவிடுங்கள். அது 6000 சுற்றில் கிடைப்பது. 1500 சுற்றில் இந்த எஞ்சின் சுமார் 85 நியூட்டன் மீட்டர் முறுக்கு தரும் என்று வைத்தால், 85 × 1500 ÷ 9549 = 13.35 கிலோவாட். தொடர்ந்து ஓட அதில் 70 சதவீதம், அதாவது 9.3. ஆல்டர்னேட்டர் திறன் 85 சதவீதம் என்றால் கையில் நிற்பது 8 கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவு. 10 கேவிஏ ஆல்டர்னேட்டர் போதும். அதற்கு மேல் மாட்டினால், ட்யூனிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கடைசி லோடில் எஞ்சின் படுத்துவிடும்; பழி கவர்னர் மேல் விழும்.

3. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

- சுற்றை எண்ணும் பிக்கப் சென்சார், ஸ்பிரிங் மூலம் தானே மூடிக்கொள்ளும் ஆக்சுவேட்டர், இவற்றோடு கூடிய எலக்ட்ரானிக் கவர்னர். ஐசோக்ரோனஸ் (லோடு எதுவானாலும் ஒரே சுற்று), ட்ரூப் (லோடு ஏற ஏறச் சுற்று சற்று இறங்கும்) இரண்டு முறையும் உள்ளதாக.
- கவர்னரோடு சம்பந்தமே இல்லாத தனி ஓவர்ஸ்பீடு ரிலே, தனி பிக்கப்போடு.
- மேப் சென்சார் (MAP; மேனிஃபோல்டு அழுத்தத்தை அளப்பது, மேப் அட்டவணை வேறு), கூலன்ட் மற்றும் காற்று வெப்ப சென்சார்கள், த்ராட்டில் பொசிஷன் சென்சார், கிராங்க் சென்சார்.
- வைட்பேண்டு ஆக்சிஜன் சென்சார். சாதாரண நேரோபேண்டு இதற்கு உதவாது, காற்று-பெட்ரோல் விகிதம் 14.7-க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதற்கு மேல் அதற்குச் சொல்லத் தெரியாது.
- ஆயில் பிரஷர் சுவிட்ச், கூலன்ட் வெப்ப சுவிட்ச். டேஷ்போர்டு விளக்குக்கு அல்ல, எஞ்சினை நிறுத்த.
- 2 கிலோவாட் வாட்டர் ஹீட்டர் காயில் நான்கு, அவற்றை மூழ்கவைக்கும் தண்ணீர்த் தொட்டி. இதுதான் உங்கள் டெஸ்ட் லோடு.
- 0.1 ஹெர்ட்ஸ் வரை காட்டும் மீட்டர்.

4. நிறுத்தும் சுற்றை முதலில் கட்டுங்கள்

எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகு இதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதுதான் மிக ஆபத்தான தவறு. பின்னால் த்ராட்டிலைத் திருகு வைத்துப் பிடித்து ஓட்டும் கட்டம் வருகிறது. அப்போது தகடு சற்று அதிகமாகத் திறந்துவிட்டால் சுற்று தறிகெட்டு ஏறும். கார் இசியு-வின் வேக வரம்பு 6500 போல இருக்கும். ஆல்டர்னேட்டர் சுழலி அதைத் தாங்காது.

ஓவர்ஸ்பீடு ரிலேயை 1700-இல் வையுங்கள். அது விழுந்தால் இசியு-வின் மெயின் ரிலே, பெட்ரோல் பம்ப் ரிலே இரண்டின் காயில் சப்ளையும் போக வேண்டும், கையால் ரீசெட் செய்யும்வரை திரும்ப வரக் கூடாது. பம்பை மட்டும் வெட்டினால் ரெயிலில் மிஞ்சிய அழுத்தத்தில் எஞ்சின் இன்னும் சில நொடி ஓடும்.

இசியு-வின் சொந்த வரம்பை 1850-இல், பெட்ரோல் வெட்டாக வையுங்கள். ஸ்பார்க் வெட்டு வேண்டாம். எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய் வெடிக்கும். இந்த வரம்பு ரிலேயின் எண்ணுக்குக் கீழே இருக்கவும் கூடாது. இருந்தால் எஞ்சின் வரம்பில் தட்டித் தட்டி நிற்கும், ரிலே ஒருபோதும் விழாது.

ஆயில் பிரஷர், வெப்ப சுவிட்சுகளையும் இதே சுற்றில் சேருங்கள். ஸ்டார்ட் ஆகும்போது ஆயில் பிரஷர் ஏற நேரம் வேண்டும் என்பதால் அதற்கு மட்டும் 10 முதல் 15 நொடி டைமர். காரில் ஆயில் விளக்கு எரிந்தால் ஓட்டுநர் நிறுத்துவார். ஷெட்டில் யாரும் இருக்க மாட்டார்கள்.

ஒவ்வொன்றையும் எஞ்சின் ஓடாமலே சோதித்துப் பாருங்கள்: வயரைக் கழற்றினால் ரிலே விழ வேண்டும்.

5. சப்ளையும் எர்த்தும்

கவர்னருக்கு பேட்டரி முனையிலிருந்து நேராக 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், தனி ஃபியூஸ். ஆக்சுவேட்டர் திடீரென்று ஆம்பியர் இழுக்கும். அதே வயரில் இசியு இருந்தால் வோல்டேஜ் சரிந்து இன்ஜெக்டர் நேரம் தடுமாறும்.

இசியு-வின் பவர் எர்த் எஞ்சின் பிளாக்கில் ஒரே போல்ட்டில். சென்சார் எர்த் இசியு-வின் சென்சார் எர்த் பின்னுக்கே போக வேண்டும், பிளாக்குக்கு அல்ல. பிக்கப் வயர் ஷீல்டு போட்டதாக, ஷீல்டின் கவர்னர் முனை மட்டும் எர்த் ஆகியிருக்க வேண்டும். இரு முனையும் எர்த் ஆனால் ஷீல்டே கரண்ட் ஓடும் பாதையாகிவிடும். ரெசிஸ்டர் ஸ்பார்க் பிளக் போடுங்கள்.

இசியு-வை ஜென்செட்டின் சட்டத்தில் திருகாதீர்கள். சுவரிலோ தனிப் பேனலிலோ வையுங்கள். காருக்குள் இருந்த பெட்டிக்கு நாள் முழுக்க அதே அதிர்வு பழக்கமில்லை.

6. இசியு-வின் மற்ற கைகளைக் கட்டுங்கள்

முழு வேலையில் இதுதான் உயிர்நாடி. ஐந்து விஷயங்கள்.

ஐடில் வால்வு: கழற்றி, துவாரத்தைத் தகடு வைத்து மூடுங்கள். மென்பொருளில் அணைத்தால் மட்டும் போதாது. வால்வு பாதி திறந்தபடி நின்றால் அந்தக் காற்று கவர்னரின் கட்டுப்பாட்டுக்கு வெளியே உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

கால் எடுத்தால் பெட்ரோல் வெட்டும் வசதி: கண்டிப்பாக அணைக்க வேண்டும். த்ராட்டில் மூடியிருக்க, சுற்று ஒரு எண்ணுக்கு மேலிருந்தால் கார் இசியு பெட்ரோலை நிறுத்தும். அந்த எண் பல கார்களில் 1500-ஐ ஒட்டியே இருக்கும். லோடை எடுத்ததும் கவர்னர் த்ராட்டிலை மூடுகிறது, இசியு பெட்ரோலை வெட்டுகிறது, சுற்று பொத்தென்று விழுகிறது, கவர்னர் பதறித் திறக்கிறது, பெட்ரோல் திரும்ப வருகிறது, சுற்று மேலே பாய்கிறது. லோடு இல்லாதபோது மட்டும் வரும் அந்த மெதுவான ஊசலுக்கு முதல் சந்தேகம் இதன் மேல்தான்.

ஐடில் ஸ்பார்க் திருத்தம்: த்ராட்டில் மூடியிருந்தால் டைமிங்கை முன்னும் பின்னும் நகர்த்தி இசியு சுற்றைப் பிடிக்கப் பார்க்கும். அணையுங்கள்.

ஆக்சிலரேஷன் என்ரிச்மென்ட்: த்ராட்டில் சட்டென்று திறந்தால் கூடுதல் பெட்ரோல் தெளிக்கும் வசதி இது. கவர்னர் ஒரு நொடியில் பலமுறை த்ராட்டிலை அசைக்கும். ஒவ்வொன்றையும் ஓட்டுநர் மிதித்ததாக இசியு எடுத்துக்கொண்டால் எஞ்சின் புகை கக்கும். இப்போதைக்குச் சுழியம். லோடு சோதனையில் தேவைப்பட்டால் மேப் சென்சாரின் ஏற்ற வேகத்தை வைத்துக் கொஞ்சமாகத் திரும்பக் கொண்டுவரலாம்.

ஆக்சிஜன் சென்சார் திருத்தம்: ட்யூனிங் முடியும்வரை அணைத்து வையுங்கள். அது இயங்கும்போது நீங்கள் பார்க்கும் தவறு மேப்பின் தவறா, திருத்தத்தின் தவறா என்று தெரியாது.

கடைசியாக, த்ராட்டிலின் மூடு திருகு. தகடு முழுதாக மூடி நிற்கும்போது எஞ்சின் 700–800 சுற்றில் ஓடும்படி வையுங்கள். முழுக்க மூடியும் 1500-க்குக் கீழே இறங்காத எஞ்சினை எந்தக் கவர்னராலும் பிடிக்க முடியாது.

7. மேப்பை ஒரே சுற்றில் ஓடும் வேலைக்கு ஏற்றபடி மாற்றுங்கள்

கார் மேப்பில் சுற்று வரிசை 500, 1000, 1500, 2000 என்று 6500 வரை ஓடும். உங்கள் எஞ்சின் வாழ்வதோ ஒரே வரிசையில். அச்சை இப்படி நெருக்குங்கள்: 500, 800, 1000, 1200, 1350, 1450, 1500, 1550, 1650, 1800. லோடு அச்சு 20 முதல் 100 கிலோபாஸ்கல் வரை, பத்துப் பத்தாக.

கணக்கு மேப் சென்சாரை வைத்து நடக்க வேண்டும், த்ராட்டில் கோணத்தை வைத்து அல்ல. 6000 சுற்றுக்கு என்று செய்த த்ராட்டிலில் 1500 சுற்றுக்குக் கால்பங்கு காற்றுதான் போகிறது. மூன்றில் ஒரு பங்கு திறந்ததுமே மேனிஃபோல்டு அழுத்தம் வெளியழுத்தத்தை எட்டிவிடும். அதற்கு மேல் திறந்தாலும் ஒன்றும் வராது. முழு லோடு என்றால் த்ராட்டில் 80 சதவீதம் திறந்திருக்கும் என்று நம்பும் இசியு, இங்கே முழு லோடில் 35 சதவீதத்தைப் பார்த்து ஏதோ மெதுவாக ஓடுகிறது என்று நினைத்துக்கொள்ளும்.

கலவை இலக்கு: 70 கிலோபாஸ்கல் வரை 14.7, 80-க்கு மேல் 13.0–13.5. மணிக்கணக்காக முழு லோடில் ஓடும் எஞ்சினைச் சிக்கனமாக ஓட்ட நினைத்தால் எக்ஸாஸ்ட் வால்வு கருகும்.

ஸ்பார்க்: 1350 முதல் 1650 வரை ஒரே அழுத்தத்தில் ஒரே டிகிரி. கார் மேப்பில் இந்த இடத்தில் சுற்று ஏற ஏற டைமிங்கும் முன்னே போகும். அப்படி விட்டால் சுற்று கொஞ்சம் ஏறியதும் முறுக்கும் கூடி, இன்னும் ஏறத் தூண்டும். தட்டையாக வைத்தால் அந்தத் தூண்டல் இல்லை. பலரும் கவர்னர் திருகையே திருகித் திருகி ஓயும் இடம் இது. மேப்பில் இரண்டு நிமிட வேலை.

8. லிங்க்கேஜ்: ஆக்சுவேட்டரையும் த்ராட்டிலையும் இணைக்கும் ராடு

ஆக்சுவேட்டரின் முழு ஓட்டமும் த்ராட்டிலின் அந்த முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் விழ வேண்டும். 90 டிகிரியையும் கொடுத்தால், வேலை நடக்கும் இடம் ஆக்சுவேட்டர் ஓட்டத்தில் ஒரு சிறு துண்டாகச் சுருங்கிவிடும். மயிரிழை அசைவுக்கே 50 சுற்று எகிறும். லோடு இல்லாத நிலைக்கும் முழு லோடுக்கும் இடையில் ஆக்சுவேட்டர் தன் ஓட்டத்தில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்காவது நகர வேண்டும்.

அடுத்தது கோணம். பட்டாம்பூச்சித் தகடு மூடிய நிலைக்கு அருகில் ஒரு டிகிரி திறந்தாலே காற்று எக்கச்சக்கமாகக் கூடும். திறக்கத் திறக்க அந்தப் பலன் குறையும். அதை லிங்க்கேஜ் சரிக்கட்ட வேண்டும். லோடு இல்லாத நிலையில் த்ராட்டில் லீவர் ராடுக்கு 90 டிகிரியில் நிற்கட்டும். ஆக்சுவேட்டர் லீவர் ராடின் திசையையே ஏறக்குறைய ஒட்டி, 20 டிகிரி விலகி நிற்கட்டும். முழு லோடில் ஆக்சுவேட்டர் லீவர் 90 டிகிரிக்கு வரும். இதனால் தொடக்கத்தில் ஆக்சுவேட்டர் நிறைய நகர்ந்தால் தகடு கொஞ்சம் அசையும், கடைசியில் தலைகீழ். அந்த 20 டிகிரியை விட்டு முழு நேர்கோட்டில் வைத்துவிட்டால் ராடு செத்த புள்ளியில் மாட்டி, தகடு அசையவே அசையாது.

பழைய ஆக்சிலேட்டர் கேபிளை இங்கே பயன்படுத்த வேண்டாம். கேபிளின் உராய்வும் ஆட்டமும் போதும் ஊசலை உண்டாக்க. இரு முனையிலும் பால் ஜாயின்ட் உள்ள நேர் ராடு போடுங்கள். கையால் அசைத்தால் எங்கும் பிடிக்கக் கூடாது, விட்டதும் ஸ்பிரிங் முழுக்க மூட வேண்டும்.

9. பிக்கப்

ஃப்ளைவீல் ரிங் கியர் பல்லை எண்ணுங்கள். 104 பல் என்றால் 1500 × 104 ÷ 60 = 2600 ஹெர்ட்ஸ்; கவர்னரில் இந்த எண்தான். பிக்கப்பைப் பல்லின் உச்சியைத் தொடும்வரை திருகி, 1.5 மில்லிமீட்டர் பிட்ச் மரை என்றால் அரைச்சுற்று பின்னே எடுங்கள்: இடைவெளி 0.75 மில்லிமீட்டர். இரண்டு பல்லுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் தொட்டுப் பார்த்து அளந்தால், முதல் ஸ்டார்ட்டிலேயே சென்சார் முனை நசுங்கும்.

10. முதல் ஓட்டம்: கவர்னர் இல்லாமல்

ராடைக் கழற்றிவிட்டு, ஒரு திருகால் த்ராட்டிலைப் பிடித்து வையுங்கள். ஏவிஆர் (ஆல்டர்னேட்டரின் வோல்டேஜைப் பிடித்து வைக்கும் பெட்டி) இணைப்பு வேண்டாம். எஞ்சினைச் சூடாக்கி, திருகால் 1500-க்குக் கொண்டு வாருங்கள்.

இப்போது ஐந்து நிமிடம் சும்மா பாருங்கள். த்ராட்டில் அசையாமல் இருக்க, சுற்றின் ஏற்ற இறக்கம் 20–30-க்குள் நிற்க வேண்டும். அதற்கு மேல் அலைந்தால் கோளாறு இசியு பக்கம்தான்: 6-ஆம் கட்டத்தில் எதையோ விட்டிருக்கிறீர்கள், அல்லது மேப்பில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் படிக்கட்டாக இருக்கின்றன, அல்லது எங்கோ வேக்குவம் கசிகிறது. இதைச் சரிசெய்யாமல் கவர்னரை மாட்டாதீர்கள். மாட்டிய பிறகு ஊசல் வந்தால் திரும்பவும் இந்தத் திருகுச் சோதனைக்கே வாருங்கள். அது சில நிமிடங்களில் தீர்ப்புச் சொல்லும்.

11. கவர்னரை மாட்டி ட்யூன் செய்தல்

கெயின் (சுற்று விலகினால் எவ்வளவு பலமாகத் திருத்துவது) மூன்றில் ஒரு பங்கில், ஸ்டெபிலிட்டி (எவ்வளவு சீக்கிரம் பழைய சுற்றுக்குத் திரும்புவது) குறைவில், ட்ரூப் சுழியத்தில். ஸ்டார்ட் செய்து, 1500-ஐ அமையுங்கள். எஞ்சின் வேகமாகப் படபடக்கத் தொடங்கும்வரை கெயினைக் கூட்டி, அங்கிருந்து படபடப்பு நின்று, ராடைக் கையால் தட்டினாலும் திரும்ப வராத அளவுக்குப் பின்னே எடுங்கள். பிறகு ஸ்டெபிலிட்டியை அதே முறையில். ராடைத் தட்டியதும் சுற்று ஓரிரு ஆட்டத்தில் அடங்க வேண்டும்.

ஒற்றை ஜெனரேட்டர் என்றால் ட்ரூப் சுழியமாகவே இருக்கலாம். ஆனாலும் 3 முதல் 4 சதவீதம் வைப்பதே நல்லது. கார் எஞ்சின் அப்போது அமைதியாக ஓடும். 4 சதவீதம் என்றால் வெறுமனே ஓடும்போது 1560, அதாவது 52 ஹெர்ட்ஸ், முழு லோடில் 50. ஜெனரேட்டர்களுக்கான ஐஎஸ்ஓ 8528 தரநிலையின் ஜி2 வகுப்பே 5 சதவீதம் வரை ஏற்கிறது.

12. லோடு

ஏவிஆரை இப்போது இணையுங்கள். முன்பே இணைத்திருந்தால் சுற்றின் ஊசலும் வோல்டேஜின் ஊசலும் ஒன்றையொன்று ஊட்டி வளர்த்திருக்கும்.

காயில்களை ஒவ்வொன்றாகப் போடுங்கள். ஒவ்வொரு படியிலும் இரண்டு நிமிடம் நின்று, வைட்பேண்டைப் பார்த்து அந்தக் கட்டத்தின் மேப்பைத் திருத்துங்கள். நான்கும் முடிந்த பிறகே இரண்டிரண்டாகப் போட்டு எடுக்கும் சோதனை. லோடு ஏறியதும் எஞ்சின் ஒரு கணம் மூச்சு முட்டி, அப்போது கலவை 16-ஐத் தாண்டினால், அந்த என்ரிச்மென்டைச் சிறிது திரும்பக் கொடுக்கலாம். கலவை சரியாக இருந்தும் முட்டினால் கெயின் போதவில்லை. முழு லோடையும் ஒரே நேரத்தில் விலக்கும்போது சுற்று 1700-ஐத் தொடாமல் திரும்ப வேண்டும்.

முழு லோடில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். ரேடியேட்டருக்கு முன்னால் காரின் எதிர்க்காற்று இங்கே இல்லை. ஃபேன் விட்டுவிட்டு ஓடாமல் நிறுத்தாமல் ஓடினால், ரேடியேட்டர் பெரிதாக வேண்டும் என்று பொருள். மூடிய ஷெட்டில் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. பெட்ரோல் எஞ்சினின் கார்பன் மோனாக்சைடு வாசனையில்லாமல் கொல்லும். வீட்டு வயரிங்கில் இணைப்பது சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வழியாக மட்டும்.

எல்லாம் நின்ற பிறகு ஆக்சிஜன் திருத்தத்தைத் திரும்ப இயக்கலாம், 5 சதவீத எல்லைக்குள், மெதுவாக.

13. கேபிள் இல்லாத த்ராட்டில் என்றால்

த்ராட்டில் மோட்டாரை கவர்னரோடு நேராக இணைக்காதீர்கள். தான் சொல்லாமல் தகடு நகர்வதைப் பார்த்ததும் இசியு பாதுகாப்பு நிலைக்குப் போய்விடும். கவர்னரின் வோல்டேஜைப் பெடல் வயரில் கொடுப்பதே வழி.

பெடலில் இரண்டு தனித் தடங்கள் உண்டு. பல கார்களில் ஒன்று மற்றதன் பாதி வோல்டேஜில் ஓடும், எல்லாவற்றிலும் அல்ல. உங்கள் பெடலை மல்டிமீட்டரால் பத்து இடங்களில் அளந்து எழுதிவையுங்கள். கவர்னரின் ஒற்றை வெளியீட்டை அதே விகிதத்தில் இரண்டாகப் பிரிக்கும் சிறு ஆப்-ஆம்ப் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் ஐசி) சர்க்யூட் தேவை. விகிதம் தவறினால் பி2138 என்ற கோளாறுக் குறியீடு வந்து எஞ்சின் ஐடிலில் சிக்கும்.

பெடலுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே உள்ள மேப்பை நேர்கோடாக்கி, மென்மையாக்கும் தாமதத்தை எடுத்துவிடுங்கள். கால் சட்டென்று அசைந்தாலும் கார் குலுங்காதிருக்க வைத்த அந்தத் தாமதம் கவர்னருக்கு விஷம். எடுத்த பிறகும் கெயினைக் கேபிள் த்ராட்டிலைவிடக் குறைவாகத்தான் வைக்க முடியும்.

சப்ளை போனால் இந்த த்ராட்டில் முழுக்க மூடாது. ஸ்பிரிங் அதைச் சில டிகிரி திறந்த நிலையில் நிறுத்தும். ஆகவே இதை மூடி எஞ்சினை நிறுத்தலாம் என்று எண்ண வேண்டாம். நிறுத்துவது எப்போதும் 4-ஆம் கட்டத்தின் ரிலேதான்.